ஐப்பசியில் உதிர்வது

“ஃபால் வேணும்” என்று ஓர் அம்மாள் போனில் சொன்னதும் எங்கள் கடை முதலாளி பாய் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“அதுக்கு இன்னாம்மா, புடவையோட சேத்து நாங்களே தெச்சிக் குடுத்துடுறோம். எந்தக் கலர்ல வேணும்?”

“ஆரஞ்சு, மஞ்சள், மெரூன், எல்லாம் கலந்து.”

பாய் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “ஃபாலுக்கு மூணு கலராம்மா. உள்ள போற துணிக்கு எதுக்கு இத்தினி கலரு?”

எங்கள் ஊரில் ஃபால் என்றால் ஒன்றுதான். புடவையின் கீழ்க்கரை மடங்காமல் நிற்பதற்காக உள்பக்கம் வைத்துத் தைக்கிற துணிப்பட்டை. பட்டுப் புடவை வாங்குகிற யாரும் கடைசியில் கேட்கிற கேள்வி அது. பாய் நாற்பது வருடமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

“பாய், அவங்க சீசனைச் சொல்றாங்க. இலையுதிர் காலம். அவங்க இருக்குற ஊர்ல இலையெல்லாம் பழுத்துக் கொட்டும் இல்ல, அது.”

பாய் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதையை இன்றைக்கும் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடப் படியேறியவள் நான். கல்லூரி வரைக்கும் போனவளும் நான் ஒருத்திதான். அப்படிப் படித்ததற்கு இந்த மாதிரி ஒரு நிமிடம் கிடைத்தால் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். இலையுதிர் காலத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அந்த நிமிடத்தில் நினைவுக்கு வரவில்லை.

பாயின் கடையில் புடவை விற்பதோடு, தறிகளுக்கு அட்டையும் அடித்துக் கொடுக்கிறோம். தறியின் தலைக்கு மேலே ஜக்காடு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். எந்த இழை எழும்ப வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்பதை அந்தத் துளைகள்தான் தறிக்குச் சொல்கின்றன. துளைக்கு முந்திய வேலை என்னுடையது. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிறம் நிரப்பி உருவம் போடுவேன். இரண்டு வருடமாக நான் செய்ததெல்லாம் பழைய மயிலுக்குக் கழுத்தைச் சீர் பண்ணுவது, பழைய மாங்காய்க்கு வால் நீட்டுவது. என்னுடையது என்று சொல்ல ஓர் உருவம் எந்தப் புடவையிலும் இல்லை.

போனை வைத்துவிட்டு பாய் சொன்னார்: “தையில அந்தம்மா பொண்ணுக்குக் கல்யாணம். பொண்ணு அங்கியே பொறந்து வளந்ததாம், அதான் அந்த சீசன்ல புடவை கேக்குது. உனுக்குத்தான் அது இன்னான்னு தெரியுதே, நீயே போடு. தீபாவளிக்குள்ள அவங்க சரின்னு சொல்லணும். இல்லன்னா மெட்ராஸ் டிசைனருகிட்ட குடுத்துடுவேன். அப்பறம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது.”

“யாரு தறியில போடப் போறீங்க?”

“உங்கம்மா தறிதான தீபாவளிக்குக் காலி ஆவுது. வேற யாரு?”

என் முதல் உருவம், அம்மாவின் தறியில். அன்று மாலை ஸ்கூட்டரை எப்படி வீட்டுக்கு ஓட்டி வந்தேன் என்று தெரியாது.

நாலு நாள் இணையத்தில் படம் படமாகப் பார்த்து ஓர் இலை போட்டேன். விரித்த கை மாதிரி, விரல் விரலாகப் பிரிந்த இலை. அந்த நாடுகளின் படங்களில் எங்கு பார்த்தாலும் அதுதான் கிடந்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, எல்லாம் சாய்ந்து கீழே விழுவது போல அமைத்தேன். கட்டத்தாளில் அச்செடுத்து அம்மாவிடம் காட்டினேன்.

என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பேருந்துப் பலகையை நிறத்தையும் எண்ணின் வளைவையும் வைத்துக் கண்டுபிடிப்பாள். ஆனால் கட்டத்தாளை எனக்கு முன்னால் படித்துவிடுவாள். தாளை வாங்கிய உடனே விரல் ஓர் இடத்தில் போய் நின்றது.

“இங்க இழ பன்னெண்டு கட்டத்துக்குப் புடிப்பில்லாம மெதக்குது. கொலுசுல மாட்டிக்கினு பிச்சிக்கும்.”

“அத நடுவுல ஒரு புள்ளி வெச்சிப் புடிச்சிடுறேன். உருவம் எப்படி இருக்குது, அதச் சொல்லு.”

அம்மா தாளைத் தூர வைத்துப் பார்த்தாள். “இன்னா இது, பப்பாளி இலயா?”

“மேப்பிள்னு ஒரு மரம்மா. காஞ்சி, செவந்து, கீழ விழும்.”

“அப்பச் சருகு.”

“சருகு இல்லம்மா.”

“காஞ்சி விழுந்தா அதுக்கு வேற இன்னா பேரு? கல்யாணப் பொண்ணு மேல சருகக் கொட்டுவியா? மணையில ஒக்காரப் போற பொண்ணுக்குடி இது. நான் போட மாட்டேன், வேற தறி பாத்துக்க.” கொஞ்ச நேரம் கழித்து, கோபம் தணியாமலேயே, தொழில் பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். “எல்லாம் கீழ பாத்து விழுது இல்ல? கட்டினா உடம்புல கீழ பாத்து விழும். முந்தியில வந்து படுத்துக்கும். அது இன்னா, தோள்ல ஏறினதும் தூங்கிடுமா உன் இலை?”

அது சரி. புடவையின் அகலம் உடம்பில் உயரமாக நிற்கிறது, முந்தானையிலோ நீளம்தான் உயரமாகத் தொங்குகிறது. இரண்டு வருட அனுபவத்தில் நான் யோசித்திருக்க வேண்டிய விஷயம். யோசிக்காததை அம்மா சொன்னதால் எனக்குக் கோபம் வந்தது.

“உனக்கு இன்னா தெரியும்மா? அங்கெல்லாம் அது எவ்ளோ அழகு தெரியுமா?”

“எனக்குத் தெரியாது. நீ போய்ப் பாத்துக்கினு வந்தியா?”

தாளைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பள்ளியில் எனக்குப் பருவங்களைப் பற்றி இரண்டு பட்டியல்கள் சொல்லிக் கொடுத்தார்கள். சமூக அறிவியல் வகுப்பில் கோடை, குளிர் என்று வரும் நாலில் ஒன்று இலையுதிர் காலம். தமிழ் வகுப்பில் கார், கூதிர் என்று வரும் ஆறில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். இரண்டையும் தேர்வில் ஒழுங்காக எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அந்த அம்மாளின் ஊரில் இலை கொட்டுகிற அதே நாட்களில்தான் இங்கே கூதிர் நடக்கிறது என்பதை இரண்டு வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எங்கள் ஊரில் அந்த நாட்களில் என்ன உதிர்கிறது என்று அடுத்ததாகக் கேட்டிருப்பேன்.

ஐப்பசி பிறந்திருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்து, வெளியூர்க்காரி மாதிரி என் ஊரைப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் தெரிந்தது, இலை எதுவும் உதிரவில்லை என்பது. அரசமரம் கழுவிவிட்ட மாதிரி பச்சையாக நின்றது. அரசும் வேம்பும் இங்கே மாசியில், வெயில் ஏறும்போதுதான் கொட்டும். பாதாம் மரம் ஒன்று மட்டும் இலை சிவக்கும், அதுவும் தை பிறந்த பிறகு. எங்கள் இலைகளுக்கு இந்த இரண்டு பட்டியலும் தெரியாது.

இரண்டாவது, தெரு. மற்ற மாதங்களில் விடிந்தால் தெருவில் தறியின் நெடுக்கு நூலான பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு நீவிக்கொண்டிருப்பார்கள். நடுவில் வண்டி ஓட்டினால் திட்டு விழும். ஐப்பசியில் தெரு மழைக்குச் சொந்தம். பாவு வெளியே வராது. திடீரென்று அகலமாகிவிட்ட தெருவில் நான் ஸ்கூட்டரை நேராக ஓட்டுவேன். இந்தச் சின்ன சந்தோஷத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தறியும் ஈரம் குடிக்கும். மரம் ஊதிக்கொள்ளும், அட்டை நமத்துப் போகும். நமத்த அட்டை துளையைத் தப்பாகச் சொல்லும், மயிலுக்கு மூன்று கால் வரும். அதனால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும், நெய்கிறவர் காலை விட்டு மிதிக்கிற தறிக்குழிக்குள் ஒரு கரியடுப்போ குண்டு பல்போ வைத்திருப்பார்கள். அதைத் தறிக்காக வைத்ததாகத்தான் எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் அம்மா அதில் குளிர்காய்வாள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே கதகதப்பு, முதுகில் சாரல் காற்று. அந்தச் சூடு என் உள்ளங்காலுக்கு இப்போதும் தெரியும்.

பிறகு வாய். புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கறி கிடையாது. ஐப்பசி முதல் ஞாயிறு கறிக்கடை வரிசையில் குடையோடு நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ நல்ல சேதி கேட்டவர்கள் மாதிரி இருப்பார்கள். அப்பா வாலாஜாபாத் ரைஸ்மில் வேலை முடிந்து வரும்போது வேகவைத்த வேர்க்கடலையைக் காகிதத்தில் சுருட்டி, நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவார். காகிதம் சூடாக இருக்கும், அவர் சட்டை சில்லென்று இருக்கும். மந்தாரை இலையில் வேகவைத்த இட்லியில் மிளகும் சுக்கும் வெயில் காலத்தில் காரமாகத் தெரியும். மழைக்காலத்தில் அதே இட்லி தொண்டைக்குள் யாரோ கம்பளி போர்த்திவிட்ட மாதிரி இறங்கும். மாவு ஒன்றுதான், மாறினது தொண்டையா, காற்றா? இதை அம்மாவிடம் கேட்டபோது, “துன்னும்போது கேள்வி கேக்காத” என்றாள். ஆம், நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். புடவையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பாய் தினமும் கேட்டார். “இன்னாம்மா, உன் இலையுதிர் காலம் வந்துச்சா?”

“தேடிக்கினு இருக்கேன் பாய்.”

“தேடு, தேடு. எங்க வூட்ல மாடி ஒழுவுது, எனுக்கு அதுதான் தெரியுது.”

தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது. அன்று காலை வழக்கம் போல ஸ்கூட்டரை எடுக்கப் போனேன். எங்கள் சந்தில் வண்டி நிறுத்த ஒரே இடம், மூலை வீட்டு மதிலை ஒட்டி. அந்த மதிலுக்கு மேலே ஒரு பவழமல்லி மரம் சாய்ந்து நிற்கிறது. மழைக்காலம் முழுக்க விடியும் முன்பே பூவைக் கொட்டி வைத்துவிடும். சீட்டு, கால் வைக்கும் இடம், கண்ணாடி எல்லாவற்றிலும் பூ. நான் தினமும் துப்பட்டாவால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறிப் போவேன். வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அது எனக்கு ஒரு தொந்தரவு, அவ்வளவுதான்.

அன்றும் தட்டினேன். தட்டின கை பாதியில் நின்றது.

ஐப்பசி. காலை. உதிர்ந்து கிடக்கிறது. ஆரஞ்சு.

குனிந்து பார்த்தேன். பாதிப் பூ கவிழ்ந்து, ஆரஞ்சுக் காம்பை மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது. பாதி மல்லாந்து நடுக்கண்ணைக் காட்டியது. சில பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. ஒன்று கூட இன்னொன்றைப் போல் படுத்திருக்கவில்லை. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அது சரியாகத்தான் கிடந்தது. மேல், கீழ் என்று அதற்கு ஒன்றும் இல்லை. இதழ்களை எண்ணினேன். ஆறு. அடுத்தது ஐந்து. அடுத்தது ஏழு. முப்பது பூவுக்கு மேல் எண்ணியிருப்பேன், ஒன்றில் எட்டு இருந்தது. இரண்டு வருடமாக இதை நான் துப்பட்டாவால் துடைத்துக் கொண்டிருந்தேன்.

அப்போது அம்மா சின்னக் கூடையோடு வந்தாள். இந்த மாதங்களில் அது அவளுடைய காலை வேலை. சாமி படத்துக்குப் பூ இங்கிருந்துதான்.

“ஏன்டி, வண்டி ரிப்பேரா?”

“இல்லம்மா. ஒண்ணு கேக்குறேன். கீழ விழுந்த மல்லிப்பூவ எடுத்து சாமிக்கு வெப்பியா?”

“சீ. விழுந்தத எவளாவது வெப்பாளா?”

“சாமந்தி?”

“அதுவும்தான் ஆவாது.”

“இது?”

அம்மா கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் எங்கே போகிறேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. “இது வேறடி. இத மரத்துலருந்து பறிக்கக் கூடாது. தானா விழுந்தாத்தான் பூ.”

“அப்ப உதிந்ததுல ஆவுறதும் இருக்குது.”

“வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும் உன்ன.”

“இதப் புடவையில போட்டா நீ நெய்வியா?”

அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டே, “காம்புக்கு ஆரஞ்சு சரி. எதழுக்கு வெறும் வெள்ள வெக்காத, கல்யாணத்துக்கு எடுக்காது. பால் வெள்ள வையி. ஓரத்துக்கு ஜரிக” என்றாள். அதற்குப் பெயர்தான் சம்மதம்.

இரண்டு நாளில் மூன்று பூ போட்டேன். கவிழ்ந்தது, மல்லாந்தது, சாய்ந்தது. முதலில் எல்லாவற்றுக்கும் ஆறு இதழ் வைத்திருந்தேன், அது கோலம் மாதிரி வந்தது. ஒன்றை ஐந்தாக்கி, ஒன்றை ஏழாக்கியதும்தான் தரையில் கிடப்பது போல வந்தது. புடவையின் உடலுக்கு அரக்கு நிறம். பாய் திரையைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா அந்தம்மா கேட்டது இல. பிரியாணி கேட்டவங்களுக்குப் பாயசம் குடுத்தா இன்னா சொல்லுவாங்க?” என்றார்.

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மெட்ராஸ் டிசைனருக்குப் போய்விடும் என்பது மட்டும் இல்லை. நான் பார்க்காததைப் போட்டால் அம்மா நெய்ய மாட்டாள், பார்த்ததைப் போட்டால் கேட்டவர்கள் ஏற்க மாட்டார்கள் என்றால், என் வேலையில் எனக்கு என்ன இடம்?

வீடியோ அழைப்பில் அந்த அம்மாள் வந்தார். பக்கத்தில் மணப்பெண். நான் இலையையும் பூவையும் இரண்டையும் காட்டினேன். மறைக்க ஒன்றும் இல்லையே.

அந்த அம்மாள் முதலில் முகம் சுளித்தார். “நாங்க ஃபால்னுதானே சொன்னோம்?”

“ஆமாங்க. உங்க ஊர்ல இப்ப உதிர்றது இலை. எங்க ஊர்ல இப்ப உதிர்றது இந்தப் பூ. ரெண்டும் ஒரே மாசம்தான். இலையும் தயாரா வெச்சிருக்கேன், ஆனா நெய்யப் போறது எங்கம்மா. கல்யாணப் புடவையில சருகு போட மாட்டேன்னுட்டாங்க.”

பாய் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் சொல்லி முடித்திருந்தேன்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். “எங்க சம்பந்தியம்மாவும் இதையேதான் சொன்னாங்க! நான்தான் அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன்.” 

அந்த வாக்கியத்தை நானும் என் வீட்டில் சொல்லியிருந்தேன்.

மணப்பெண் தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். அவளுக்குப் பூ பிடித்திருந்தது. காலையில் விழுமா, மணம் உண்டா, விழும்போது சத்தம் கேட்குமா என்று கேட்டுக்கொண்டே போனாள். சத்தம் கேட்குமா என்று எனக்குத் தெரியவில்லை, கவனித்துச் சொல்கிறேன் என்றேன். கடைசியில் அவள் ஒன்று கேட்டாள். “ஒரே ஒரு மேப்பிள் இலை. எங்கேயாவது. எனக்காக.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

“இடுப்புல செருகுற தலைப்பு இருக்குது இல்ல, உள்ள போறது? அங்க கையால கோத்து ஒண்ணு போட்டுடறேன். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மணையில ஒக்காரும்போது யாருக்கும் தெரியாது.” பிறகு, “அந்தப் பொண்ணு பாவம், அதுவும் அங்கியே பாத்து வளந்தது தான” என்றாள்.

அட்டை தீபாவளிக்கு முதல் நாள் அடித்து முடிந்தது. பாயே துளைகளை வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்து, மழைக்காகப் பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். ஆனால் அதன் பிறகு பத்து நாள் விடாத மழை. தறிக்குழியில் நீர் ஊறியது. அம்மா இறைத்துக் காய வைத்து, அடுப்பு வைத்து, பாவு இறுகக் காத்திருந்தாள். நான் தினம் வந்து எட்டிப் பார்ப்பேன். “பாத்தா காஞ்சிடுமா?” என்பாள்.

கார்த்திகை பிறந்து வெயில் லேசாக அடித்த ஒரு நாள், பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். தறிச் சத்தம் சந்து முனையிலேயே கேட்டது. செருப்பைக் கழற்றக் கூட மறந்து உள்ளே போனேன்.

அரக்கு நிறத்தின் மேல் மூன்று பூ கிடந்தன. கவிழ்ந்தது ஒன்று, மல்லாந்தது ஒன்று. மூன்றாவது பாதிதான் வந்திருந்தது, காம்பு இன்னும் நூலுக்குள்ளேயே இருந்தது. திரையில் நான் ஆயிரம் தடவை பார்த்த கட்டங்கள் எங்கேயும் தெரியவில்லை.

அம்மா குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை நிறுத்தவில்லை. மிதியை மிதித்துக்கொண்டே சொன்னாள்:

“நல்லா ஒக்காந்துகிச்சு.”

தறிக்காரர்கள் ஓர் உருவத்தைப் பற்றிச் சொல்கிற ஆகப் பெரிய வார்த்தை அது. அவள் பெரிய மாஸ்டர்களின் மயிலைப் பார்த்து அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்னைப் பற்றிச் சொல்லிக் கேட்டதில்லை.

“இந்த ஏழு எதழ் பூ மட்டும் நெய்யக் கஷ்டம்” என்றாள் அடுத்து. “எதுக்குடி ஏழு வெச்ச?”

“அப்படித்தான் இருந்துச்சும்மா. எண்ணிப் பாத்தேன்.”

அம்மா கையை நிறுத்தினாள். துணியின் மேல் குனிந்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, தானும் எண்ணத் தொடங்கினாள்.